ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்தாத கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச மேட்டர் இது. எழுத உட்காரும்போதெல்லாம் வேற ஏதாவது மொக்கையைப் போட்டுத் தப்பிச்சிட்டிருந்தேன். இன்னைக்குத் தப்பிக்க முடியல.

காலையில ஆபீஸ்ல நடந்தது இதுதான். கூட வேலை பாக்குற சின்னப் பையன் ஒருத்தன் சர்வர்ல புது டிஸ்க் ஒண்ணைச் சேர்த்துட்டு, "முடிஞ்சுதுண்ணே"ன்னு வந்து நின்னான். "சரி, ஒரு தடவை ரீபூட் பண்ணிக் காட்டு"ன்னேன். "எதுக்குண்ணே? அதான் வேலை செய்யுதே"ன்னு என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: டெக்னிக்கல் பதிவுன்னு பயந்து ஓடிடாதீங்க மக்களே. பாதிக்கு மேல மனுஷங்க கதைதான். யுனிக்ஸ் தெரிஞ்சவங்க நடுவுல கொஞ்சம் பொறுத்துக்குங்க. தெரியாதவங்க ரேஷன் கார்டை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, போதும்.

இப்ப கொசுவத்தியைச் சுத்திக்கிறேன்.

2004. கிண்டி பக்கம் ஒரு கம்பெனி. வெளிநாட்டுப் பதிப்பாளர்களோட புத்தகங்களை வாங்கி, டைப்செட் பண்ணி, பக்கம் பக்கமா அனுப்பி வைக்கிற வேலை. ரெண்டு ஷிஃப்டுல எண்பது பேர். அத்தனை பேர் வேலையும் ஒரே பொட்டியில உக்காந்திருக்கும். சன் கம்பெனியோட என்டர்பிரைஸ் 250, உள்ளே சோலாரிஸ் 8. அந்தப் பொட்டிக்கு நான்தான் அட்மின். வயசு 25. தெனாவட்டும் அதுக்கேத்த அளவு.

ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு ஆபரேட்டர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், அதனால எல்லாருக்கும் அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டினவர். தினமும் ராத்திரி 11 மணிக்கு டேப் போட்டு பேக்கப் ஓட்டுறது அவர் வேலை. ஸ்கிரிப்ட் நான் எழுதிக் குடுத்தது. முடிஞ்சதும் திரையில எத்தனை எம்பி ஏறிச்சுன்னு ஒரு வரி வரும். அதை நீளமான ஒரு ரிஜிஸ்டர்ல தேதி போட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு வைப்பார். "எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம், கம்ப்யூட்டர்லயே லாக் இருக்கே"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "இருக்கட்டும் தம்பி, எழுதி வச்சா நல்லதுதானடே"ம்பார்.

எல்லாரும் வேலை பாத்த இடம் /வொர்க்னு ஒரு டைரக்டரி. அது முதல் டிஸ்க்கோட ஏழாவது ஸ்லைஸ்ல இருந்துச்சு, சுமார் 11 ஜிபி. மே மாசம் அது 97 சதவீதம் ரொம்பிப்போச்சு. கெஞ்சிக் கூத்தாடி ஒரு 36 ஜிபி டிஸ்க் வாங்கினேன். மே 21, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மாட்டினேன். அன்னைக்கு ராத்திரியே எனக்கு எக்மோர்ல ரயில். ஊர்ல தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்.

ஒரு டிஸ்க்கை மாட்டினதும் யுனிக்ஸ் அதுல எழுத ஆரம்பிச்சிடாது. நாலு படி இருக்கு.

முதல்ல, புது டிஸ்க் வந்திருக்குன்னு பொட்டிக்குத் தெரியணும். அணைச்சு, மாட்டி, "பூட் -ஆர்" குடுத்து எழுப்பினா தேடிக் கண்டுபிடிச்சு ஒரு பேர் வைக்கும். சி0டி8டி0ன்னு. சின்னா கன்ட்ரோலர், முதல் டின்னா டார்கெட், ரெண்டாவது டின்னா டிஸ்க். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே டி, மன்னிச்சுக்குங்க :-)

ரெண்டாவது, பிளாட் போடுறது. தாம்பரம் தாண்டி ஏக்கர் கணக்குல நிலத்தை வாங்கி கல்லு நட்டுப் பிரிக்கிறாங்களே, அதேதான். ஃபார்மேட்னு ஒரு கமாண்ட். 0 முதல் 7 வரைக்கும் ஸ்லைஸ் போடலாம். இதுல ஸ்லைஸ் 2 மட்டும் வில்லங்கம் புடிச்சது. வழக்கப்படி அது முழு டிஸ்க்கையும் குறிக்கும். தனி பிளாட்னு நினைச்சு அதுல வீடு கட்டினா பக்கத்து வீட்டு மேலேயே கட்டின மாதிரி ஆயிடும். நான் ஆறாவது ஸ்லைஸுக்கு மொத்த இடத்தையும் குடுத்தேன்.

மூணாவது, வீடு கட்டுறது. வெறும் இடத்துல ஃபைல் வைக்க முடியாது. எந்த ஃபைல் எங்கே இருக்கு, யாரோடது, எந்தெந்தத் துண்டுல கிடக்குன்னு குறிச்சு வைக்கப் பட்டியல் வேணும். அந்தப் பட்டியல்ல ஒரு ஃபைலுக்கு ஒரு சீட்டு, அதுக்குப் பேர் ஐநோட். மொத்த வீட்டோட வரைபடம் சூப்பர்பிளாக். அது கெட்டுப்போனா எல்லாமே போச்சுங்கிறதால டிஸ்க் முழுக்க அங்கங்கே நகல் எழுதி வைக்கும். இத்தனையும் நியூஎஃப்எஸ்ங்கிற ஒரே கமாண்ட் செஞ்சிடும். அது முடிஞ்சப்ப எங்க மேனேஜர் (செல்லமா டேமேஜர்) எட்டிப் பார்த்து, "36க்குக் காசு குடுத்தோம், 33 சொச்சம்தான் காட்டுது?"ன்னார். டிஸ்க் விக்கிறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், பொட்டி 1024, 1024ஆ எண்ணுதுன்னு விளக்கினேன். கடைக்காரன் ஏமாத்திட்டான்னுதான் கடைசி வரைக்கும் நம்பினார்.

நாலாவது, மவுண்ட். கட்டின வீட்டுக்கு ஒரு விலாசம் குடுக்கணும். "இந்த ஸ்லைஸை /வொர்க்ங்கிற இடத்துல ஒட்டு"ன்னு சொன்னா ஒட்டிக்கும். அதுக்கப்புறம் /வொர்க்குக்குப் போறவங்க எல்லாரும் புது வீட்டுக்குத்தான் போவாங்க.

நான் பழைய ஸ்லைஸ்ல இருந்ததை எல்லாம் புதுசுக்குக் காப்பி பண்ணினேன். பழசை அவிழ்த்தேன். புதுசை /வொர்க்ல ஒட்டினேன். பழசை அழிக்கல. ஒரு வாரம் சும்மா இருக்கட்டும், பாதுகாப்புன்னு விட்டுட்டேன். டிஎஃப் போட்டுப் பார்த்தேன், தாராளமா இடம். மணி ஏழரை. பையைத் தூக்கிட்டு ஓடிட்டேன்.

இங்கேதான் அஞ்சாவதா ஒரு படி இருக்கு. கையால ஒட்டின மவுண்ட் அடுத்த ரீபூட் வரைக்கும்தான் நிக்கும். பொட்டி அணைஞ்சு எழுந்தா /ஈடிசி/விஎஃப்எஸ்டேப்ங்கிற ஃபைலைப் படிச்சு, அதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் ஒட்டும். ஒரு ஸ்லைஸுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம். எந்த டிவைஸ், எதை எஃப்எஸ்சிகே பண்ணணும், எங்கே ஒட்டணும், என்ன வகை, எத்தனாவது முறையில சரிபார்க்கணும், பூட் ஆகும்போதே ஒட்டணுமா, கூடுதல் குறிப்பு என்ன. அவ்ளோதான்.

சட்டி பானையோட புது வீட்டுக்குக் குடி போயாச்சு. ஆனா ரேஷன் கார்டுல பழைய அட்ரஸ் அப்படியே இருக்கு. விஎஃப்எஸ்டேப்ல "/வொர்க்னா முதல் டிஸ்க், ஏழாவது ஸ்லைஸ்"னு எழுதியிருந்த பழைய வரியை நான் தொடவே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. பேக்கப் ஸ்கிரிப்ட். அதுல /வொர்க்னு எழுதாம, அந்தப் பழைய ஸ்லைஸோட டிவைஸ் பேரையே எழுதியிருந்தேன். யுஎஃப்எஸ்டம்ப் கமாண்டுக்கு ஸ்லைஸ் ஒட்டியிருக்கா, சும்மா கிடக்காங்கிற கவலையே கிடையாது. சொன்ன இடத்தை டேப்புல ஏத்திட்டு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்லிடும். அதாவது மே 22ல இருந்து தினமும் ராத்திரி, ஆள் இல்லாத பழைய வீட்டை நாங்க பத்திரமா பேக்கப் எடுத்துட்டிருந்தோம். எண்பது பேரும் வேலை பாத்த புது வீட்டுக்கு நகலே இல்ல. இது யாருக்கும் தெரியாது. டேப்பில இருந்து ஒரு ஃபைலை எடுத்துக் குடுங்கன்னு அந்த அஞ்சு மாசத்துல ஒருத்தர் கேட்டிருந்தாலும் குட்டு உடைஞ்சிருக்கும். ஒருத்தர்கூட கேக்கல.

யாருக்கும் தெரியாதுன்னு சொன்னது தப்பு. அண்ணாச்சிக்கு ஏதோ இடிச்சிருக்கு. ஜூலையில ஒருநாள் ஷிஃப்ட் மாறும்போது என்னை நிறுத்தி, "தம்பி, டேப்பு தினமும் ஒரே அளவு காட்டுதேடே. முன்னாடி எல்லாம் கூடிக்கிட்டே போகும். இப்ப ரெண்டு மாசமா 10,412லேயே நிக்கி"ன்னார். நான் காப்பி மெஷின் பக்கம் போயிட்டே, "அது கம்ப்ரெஷன் அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

அது அப்படி இருக்காது. டேப் டிரைவ் எவ்வளவு சுருக்கினாலும் யுஎஃப்எஸ்டம்ப் காட்டுற கணக்கு மாறாது. இது எனக்கு அப்பவே தெரியும். யோசிக்கச் சோம்பல்பட்டு, வாயில வந்ததைச் சொல்லி ஒரு மனுஷன் வாயை அடைச்சேன். ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருந்தா இந்தப் பதிவே கிடையாது.

அக்டோபர் 27, புதன்கிழமை. விடிகாலையில நல்ல மழை, கரண்ட் போச்சு. யுபிஎஸ் பேட்டரி ரெண்டே நிமிஷத்துல கையை விரிச்சிடுச்சு. அஞ்சு மாசமா ஓடிட்டிருந்த பொட்டி சட்டுனு அணைஞ்சுபோச்சு. கரண்ட் வந்ததும் அண்ணாச்சி முறைப்படி எழுப்பியிருக்கார். அது சமத்தா எழுந்து, விஎஃப்எஸ்டேப்பைப் படிச்சு, எழுதி வச்சிருந்ததை அப்படியே செஞ்சிருக்கு.

ஆறு மணி ஷிஃப்ட் வந்து திறந்து பார்த்தா எல்லாமே மே மாசத்துல இருக்கு. நேத்து முடிச்ச அத்தியாயம் இல்ல. ஜூன்ல வந்த புத்தகமே இல்ல. ஆனா எப்பவோ அனுப்பி முடிச்ச புத்தகமெல்லாம் பாதி வேலையில நிக்குது. அந்த வாரக் கடைசிக்குள்ள ஒரு பெரிய புத்தகம் போயாகணும், 900 பக்கம்.

டேமேஜர் ஓடி வந்தார். பகல் ஆபரேட்டரை விட்டு முந்தின ராத்திரி டேப்பைத் திறந்து பார்க்கச் சொன்னார். அதுலயும் மே மாசம். அதுக்கு முந்தினதுலயும் மே மாசம். அவருக்குக் கணக்கு சரியா வந்துடுச்சு. அண்ணாச்சி அஞ்சு மாசமா டேப்பே மாத்தல, ராத்திரி தூங்குறார், இன்னைக்குப் பழைய டேப்பை மேல ஏத்தி எல்லாத்தையும் அழிச்சிட்டார். எண்பது பேர் முன்னாடி வச்சுக் கேட்டிருக்கார். "நான் எதையும் தொடல சார்"ன்னு மட்டும்தான் அண்ணாச்சி சொன்னாராம். "வீட்டுக்குப் போங்க, கூப்பிட்டா வாங்க." தீபாவளிக்கு ரெண்டு வாரம் சொச்சம்தான் இருந்துச்சு. போனஸ் இன்னும் வரல.

நான் ஒன்பதரைக்கு உள்ளே போனேன். டிஎஃப் போட்டேன். /வொர்க்குக்கு நேரா முதல் டிஸ்க், ஏழாவது ஸ்லைஸ். பார்த்த அந்த வினாடியே புரிஞ்சுபோச்சு. வயித்துக்குள்ள ஐஸ் வச்ச மாதிரி ஆயிடுச்சு.

முதல்ல எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். அவிழ்க்கப் பார்த்தா "டிவைஸ் பிஸி". யார் புடிச்சிட்டிருக்கான்னு ஃபியூசர் போட்டுத் தேடி, சம்பாவை நிறுத்தி, ஒருவழியா பழசை அவிழ்த்தேன். புது டிஸ்க்கை உடனே ஒட்ட முடியாது. கரண்ட் போனப்ப எழுதிட்டிருந்த டிஸ்க் அது. விஎஃப்எஸ்டேப்ல இல்லாததால பூட் ஆனப்ப அதை யாரும் சரிபார்க்கவும் இல்ல. எஃப்எஸ்சிகேயை நானே கையால ஓட்டணும்.

எஃப்எஸ்சிகேக்கு அஞ்சு கட்டம். துண்டுகளும் அளவுகளும், பாதைகள், இணைப்புகள், எண்ணிக்கைகள், கடைசியா சிலிண்டர் குரூப். சோலாரிஸ் 8ல லாகிங்னு ஒரு வசதி இருந்துச்சு. விஎஃப்எஸ்டேப்ல கடைசிக் கட்டத்துல அந்த வார்த்தையை எழுதினா, ஒவ்வொரு மாற்றத்தையும் முதல்ல ஒரு குறிப்புல எழுதிட்டுத்தான் செய்யும். கரண்ட் போனாலும் சில வினாடியில சரியாயிடும். வரியே எழுதாதவன் அந்த வார்த்தையை எங்கே எழுதுறது? முழு டிஸ்க்கையும் அது துருவிப் பார்க்க, நான் உக்காந்து பார்த்துட்டிருந்தேன். பேக்கப் கிடையாது. எண்பது பேரோட அஞ்சு மாச உழைப்புக்கு உலகத்துலயே அந்த ஒரு டிஸ்க்தான். ரெண்டாவது கட்டத்துல பத்து நிமிஷம் அப்படியே நின்னுச்சு. பின்னாடி டேமேஜர் மூச்சு விடுறது கேட்டுச்சு. நாலாவது கட்டத்துல, சொந்தம் கொண்டாட ஆள் இல்லாத நாலு ஃபைல் கிடக்கு, சேர்க்கவான்னு கேட்டுது. கை நடுங்க ஆமாம் குடுத்தேன். பேர் தொலைஞ்சு, வெறும் நம்பரோட லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்ல போய் உக்காந்துச்சு. அப்புறம் அஞ்சாவது கட்டம். முடிஞ்சுது.

ஒட்டினேன். எல்லாம் இருந்துச்சு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், நேத்து சாயங்காலம் வரைக்கும். காலையில ஆறு மணிக்கப்புறம் பழைய வீட்டுல எழுதினதை மட்டும் தேடி எடுத்து, தனி டைரக்டரியில போட்டு அவங்கவங்ககிட்ட குடுத்தேன்.

ஹால்ல கைதட்டினாங்க. டேமேஜர் தோள்ல தட்டி, "நல்லவேளை நீ இருந்தே"ன்னார். "என்னாச்சு?"ன்னு கேட்டார். "பூட் ஆனப்ப புது டிஸ்க் மவுண்ட் ஆகல சார்"ன்னேன்.

அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. ஆனா ஏன் மவுண்ட் ஆகலங்கிறதை நான் சொல்லல. அவரும் கேக்கல. டிஸ்க்குன்னா சில சமயம் அப்படித்தான் போலன்னு நினைச்சுக்கிட்டார். அப்ப டேப் விஷயம்? "அது அந்த ஆளு சரியா எடுக்கல, அதைத் தனியா பாத்துக்கலாம்"னார். நான் பேசாம நின்னேன். மத்தியானம் எனக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தாங்க. சாப்பிட்டேன்.

இதைத்தான் இத்தனை வருஷமா எழுதாம இருந்தேன். வரி எழுத மறந்ததைக்கூட வேலை அவசரம்னு சொல்லிடலாம். இந்த பிரியாணிக்கு என்ன காரணம் சொல்றது?

அன்னைக்கு ராத்திரி அண்ணாச்சி இடத்துல நான்தான் ஷிஃப்ட். பேக்கப் முடிஞ்சதும் பழக்கதோஷத்துல அவர் டிராயரைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். மே 20 வரைக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுற நம்பர். மே 21ல இருந்து 10,412. அடுத்த நாளும் 10,412. பக்கம் பக்கமா அதே நம்பர், ஒவ்வொண்ணுக்கும் நேரா கையெழுத்து. தூங்குறவர் போடுற கையெழுத்து இல்ல அது. ஜூலையில ஒரு தேதிக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல எழுதியிருந்தார்: "அளவு மாறவில்லை. தம்பியிடம் சொன்னேன். சரிதான் என்றார்."

"என்றார்". என்னை "டே"ன்னு கூப்பிடுற மனுஷன், எழுதும்போது மரியாதையா எழுதியிருக்கார்.

காலையில டேமேஜர் வந்ததும் அந்த ரிஜிஸ்டரையும், பேக்கப் ஸ்கிரிப்டையும், விஎஃப்எஸ்டேப்போட பிரிண்ட் அவுட்டையும் அவர் மேசையில வச்சேன். மூணையும் சொன்னேன். வரி எழுதாதது, ஸ்கிரிப்ட்டை மாத்தாதது, அண்ணாச்சி சொல்லியும் கேக்காதது. மனுஷன் சத்தமே போடல, அதுதான் பயமா இருந்துச்சு. அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் கிடையாதுன்னு ஒரே வார்த்தையில சொன்னார். "அவரை யாரு கூப்பிடுறது?"ன்னு கேட்டார். "நான் போறேன் சார்"ன்னேன்.

பல்லாவரத்துல வீடு. வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, நின்ன வாக்குலயே எல்லாத்தையும் கொட்டினேன். முழுசாக் கேட்டார். மன்னிச்சேன்னும் சொல்லல, திட்டவும் இல்ல. "நேத்தே வந்திருந்தா வீட்டுல ஒருத்தி ராத்திரி பூரா அழாம இருந்திருப்பாடே"ன்னு மட்டும் சொன்னார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிட்டு வந்தார்.

வண்டியில வரும்போது கேட்டார். "அந்த வரியை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அண்ணாச்சி. ஸ்கிரிப்ட்டையும் மாத்திட்டேன்."

ஆபீஸ் வந்ததும் நேரா சர்வர் ரூமுக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் வெளியே. "எழுதினது சரின்னு எப்படித் தெரியும்? ஒரு தடவை ரீபூட் பண்ணிக் காட்டு"ன்னார். பண்ணினேன். பொட்டி மெதுவா எழுந்து வந்துச்சு. டிஎஃப் போட்டேன். கண்ணாடியை மாட்டிட்டு /வொர்க் வரியை விரலால தொட்டுப் படிச்சார். தலையை ஆட்டினார். அன்னைக்கு ராத்திரி ரிஜிஸ்டர்ல முதல் தடவையா வேற நம்பர் ஏறிச்சு.

இதெல்லாம் பழைய கதை. சன் கம்பெனியை 2010ல ஆரக்கிள் வாங்கிடுச்சு. அதுக்கு முன்னாடி 2006லயே சோலாரிஸ் 10ல இசட்எஃப்எஸ் வந்து, எங்கே ஒட்டணுங்கிறதை டிஸ்க் கூட்டத்துக்குள்ளேயே எழுதி வச்சுக்க ஆரம்பிச்சது. வீட்டுச் சுவத்துலயே அட்ரஸ் எழுதின மாதிரி. லினக்ஸ்ல அந்த ஃபைலுக்குப் பேர் எஃப்எஸ்டேப். டிஸ்க் பேர் மாறினாலும் குழம்பாம இருக்க யுயுஐடி போட்டு எழுதலாம். எழுதினதும் "மவுண்ட் -ஏ" போட்டுப் பார்த்தா பாதித் தப்பு அங்கேயே தெரிஞ்சிடும். இப்ப டிஸ்க்கைக் கண்ணால பார்க்கிறதுகூட இல்ல, கிளவுட்ல ஒரு பட்டனை அழுத்தினா வந்துடுது. ஆனா கையால ஒட்டினது கையோட போயிடும், எழுதினதுதான் நிக்கும்ங்கிறது மட்டும் மாறல. பேக்கப்பும் அப்படித்தான். எடுத்தேன்னு சொல்றது பேக்கப் இல்ல, திருப்பி எடுத்துப் பார்த்தாத்தான் பேக்கப்.

காலையில அந்தப் பையன் முனகிட்டே ரீபூட் பண்ணினான். பொட்டி எழுந்து வந்துச்சு. புது டிஸ்க் அது இருக்க வேண்டிய இடத்துல சரியா வந்து உக்காந்துச்சு. "பாத்தீங்களாண்ணே, சரியாத்தானே இருக்கு"ன்னு சிரிச்சான்.

பாத்தேன்டா தம்பி. அதைப் பாக்கத்தான் சொன்னேன்.